தொலைநோக்கிக்கு ஏற்ற முகவரி எது? விண்வெளியை ஆராயும் செயற்கைக்கோள்கள் ஏன் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன?

கடந்த 2025 செப்டம்பரில் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா கொஞ்சம் விநோதமான ஒரு ஒப்பந்தம் போட்டது. கட்டலிஸ்ட் ஸ்பேஸ் டெக்னாலஜிஸ் என்ற சிறிய நிறுவனத்துக்கு 3 கோடி டாலர். வேலை என்ன தெரியுமா? மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தொலைநோக்கி மெல்ல மெல்லக் கீழே இறங்கி வருகிறது. அதை ஒரு ரோபோ விண்கலத்தால் பிடித்து மறுபடியும் மேலே தூக்கிவிட வேண்டும்.

அந்தத் தொலைநோக்கியின் பெயர் ஸ்விஃப்ட். நம் ஊர் உழவாரக் குருவியின் ஆங்கிலப் பெயர் அது. வேகமாகப் பறந்துகொண்டே இரை பிடிக்கும் பறவை என்பதால் அந்தப் பெயர். வானத்தின் ஏதோ ஒரு மூலையில் திடீரென காமா கதிர் வெடிப்பு நடந்தால், ஓரிரு நிமிடங்களுக்குள் அந்தப் பக்கம் தானாகத் திரும்பிப் பார்ப்பதுதான் ஸ்விஃப்டின் வேலை. 2004 நவம்பரில் ஏவப்பட்டது. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெடிப்புகளைப் பிடித்திருக்கிறது. கருவிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அதில் எஞ்சின் கிடையாது.

அது கீழே இறங்கக் காரணம் சூரியன். சூரியன் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சத்துக்குப் போகும். இந்த முறை அந்த உச்சகட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் நமது வளிமண்டலத்தின் மேலடுக்கு சூடாகி உப்பிவிடும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்திலும் மெல்லிய காற்று பரவி, செயற்கைக்கோள்களை உரசி வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் உயரமும் குறையும். சுமார் 600 கி.மீ. உயரத்தில் தொடங்கிய ஸ்விஃப்ட் இப்படித்தான் இறங்கி வந்தது.

இங்கே ஒரு கேள்வி வரும். காற்று உரசும் என்று தெரிந்தும் அதை ஏன் அவ்வளவு கீழே வைத்தார்கள்? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 15 லட்சம் கி.மீ. தள்ளிக் கொண்டுபோய் வைத்தவர்களுக்கு, ஸ்விஃப்டை இன்னும் கொஞ்சம் மேலே வைப்பது கஷ்டமா?

நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போவதற்காக அல்ல

முதலில் பலருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துவிடலாம். தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்புவது நட்சத்திரங்களை 'கிட்டே போய்' பார்ப்பதற்காக இல்லை. ஹபிள் தொலைநோக்கி இப்போது சுமார் 500 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. சென்னையில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகும் தூரம்கூட இல்லை. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமோ 4 ஒளியாண்டுக்கும் அப்பால். அந்தக் கணக்கில் 500 கி.மீ. ஒன்றுமே இல்லை.

பிரச்சினை தூரம் அல்ல, காற்று. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை வளிமண்டலம் கீழே விடும். ரேடியோ அலைகளில் பெரும்பகுதியையும் விடும். மற்றபடி எக்ஸ்ரே, காமா கதிர், புற ஊதாவில் பெரும்பகுதி, அகச்சிவப்பில் பெரும்பகுதி எல்லாம் மேலேயே தடுக்கப்பட்டுவிடும். நாம் உயிரோடு இருப்பதற்கு இது நல்லது. வானியலாளர்களுக்குத்தான் பெரிய இடைஞ்சல்.

1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருந்து ஒரு சிறிய ராக்கெட்டை ஏவியது. சந்திரனில் இருந்து எக்ஸ்ரே வருகிறதா என்று பார்ப்பது திட்டம். ராக்கெட் தேவையான உயரத்தில் இருந்தது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. சந்திரனில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. ஆனால் விருச்சிக ராசிப் பக்கம் இருந்து பலமான எக்ஸ்ரே வந்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே கண்டறியப்பட்ட முதல் எக்ஸ்ரே மூலம் அதுதான். ஆறு நிமிடத்தில் இவ்வளவு என்றால், வருடக்கணக்கில் மேலேயே இருந்தால்? அதற்காகத்தான் செயற்கைக்கோள் தேவைப்பட்டது.

கென்யக் கடலில் இருந்து ஏன் ஏவினார்கள்?

அப்படி எக்ஸ்ரே வானியலுக்காகவே உருவான முதல் செயற்கைக்கோள் 1970 டிசம்பர் 12 அன்று மேலே போனது. அமெரிக்கச் செயற்கைக்கோள் என்றாலும் ஏவப்பட்டது அமெரிக்காவில் இருந்து அல்ல. கென்யா கடற்கரைக்கு அப்பால், கடலில் இத்தாலி அமைத்திருந்த சான் மார்க்கோ என்ற மேடையில் இருந்து. அன்று கென்யாவின் சுதந்திர தினம் என்பதால், திட்ட மேலாளரான மார்ஜரி டவுன்சென்ட் அதற்கு 'உஹுரு' என்று பெயர் வைத்தார். சுவாஹிலி மொழியில் விடுதலை என்று பொருள்.

அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் பூமியின் காந்தப்புலத்தில் இருக்கும் ஒரு 'பள்ளம்'. நம்மைச் சுற்றி, காந்தப்புலத்தில் சிக்கிய மின்னூட்டத் துகள்கள் பெரிய வளையங்களாக இருக்கின்றன. வான் ஆலன் வளையங்கள் என்பார்கள். பொதுவாக அவை உயரத்தில்தான் இருக்கும். ஆனால் பிரேசிலுக்கும் தெற்கு அட்லாண்டிக் கடலுக்கும் மேலே காந்தப்புலம் பலவீனமாக இருப்பதால், உள்வளையம் அங்கே தாழ்ந்து தொங்குகிறது. அதன் வழியாகப் போகும் எந்தச் செயற்கைக்கோளும் துகள் மழையில் நனைந்துதான் ஆக வேண்டும். எக்ஸ்ரே கருவிக்கு இது பெரும் தலைவலி. வருவது நட்சத்திரத்தில் இருந்து வந்த எக்ஸ்ரேயா, வழியில் மோதிய துகளா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஹபிள்கூட அந்தப் பகுதியைக் கடக்கும்போது படம் எடுப்பதை நிறுத்திவிடும்.

நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றினால் அந்தப் பள்ளத்தின் ஓரத்தை மட்டும் உரசிக்கொண்டு தப்பிக்கலாம். அதற்கு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்து ஏவுவது வசதி. எனவேதான் கென்யா. இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் இயங்கிய உஹுரு, 300-க்கும் மேற்பட்ட எக்ஸ்ரே மூலங்களைப் பட்டியலிட்டது. சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளையாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்ததும் அதன் தரவுகளால்தான். ஜியாக்கோனிக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே கணக்கை நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இஸ்ரோவும் போட்டது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், 650 கி.மீ. உயரத்தில், நிலநடுக்கோட்டில் இருந்து 6 டிகிரி மட்டுமே சாய்ந்த பாதையில் சுற்றுகிறது. ஸ்ரீஹரிகோட்டா இருப்பது 13 டிகிரிக்கும் மேல் வடக்கே. நேராக ஏவினால் அந்த அளவுக்குக் குறைவான சாய்வு கிடைக்காது. ராக்கெட் வழியில் திரும்பி, கூடுதல் எரிபொருளைச் செலவழித்தாக வேண்டும். எரிபொருள் கூடினால் தூக்கிச் செல்லும் எடை குறையும். அப்படியும் பரவாயில்லை, துகள் மழை வேண்டாம் என்பதுதான் முடிவு. 2024 ஜனவரி 1 அன்று போன எக்ஸ்போசாட்டுக்கும் இதே 650 கி.மீ., இதே 6 டிகிரி.

அஸ்ட்ரோசாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தியாவில் அதற்குக் கிடைத்த கவனம் சந்திரயானுக்குக் கிடைத்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. புற ஊதா முதல் எக்ஸ்ரே வரை ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்க்கக்கூடிய கருவிகள் அதில் உள்ளன. அதன் புற ஊதா தொலைநோக்கியின் கண்ணாடி ஒரு முழம்கூட இருக்காது. ஹபிளின் கண்ணாடியோ 2.4 மீட்டர். ஆனாலும் 2020-இல் புனேயின் ஐயுகா மையத்தைச் சேர்ந்த கனக் சாகா தலைமையிலான குழு, 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்தில் இருந்து வரும் கடும் புற ஊதா ஒளியை அஸ்ட்ரோசாட் மூலம் பிடித்தது. அதை ஹபிளால் பிடிக்க முடியவில்லை. அஸ்ட்ரோசாட்டின் உணர்வியில் பின்னணி இரைச்சல் மிகக் குறைவு என்பதே காரணம். பெரிய கண் ஜெயிக்காத இடத்தில் அமைதியான கண் ஜெயித்தது.

ஐந்து ஆண்டுகளுக்கு என்று வடிவமைக்கப்பட்ட அந்தச் செயற்கைக்கோள் 2025 செப்டம்பரில் பத்து ஆண்டுகளை நிறைவு செய்தது.

சந்திரா போன வேறு வழி

துகள் வளையத்தில் இருந்து தப்பிக்க இன்னொரு வழியும் உண்டு. அதற்குக் கீழே ஒளிந்துகொள்வதற்குப் பதில், தாண்டி வெளியே போய்விடுவது.

1999 ஜூலையில் கொலம்பியா விண்கலத்தில் போன சந்திரா எக்ஸ்ரே ஆய்வகம் அப்படித்தான் செய்கிறது. அதன் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகே வந்துவிட்டு, சந்திரன் இருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விலகிப் போகும். ஒரு சுற்றுக்கு சுமார் 64 மணி நேரம். அதில் பெரும்பகுதி நேரம் வளையங்களுக்கு வெளியே. எனவே ஒரே பொருளை இரண்டு நாளுக்கும் மேல் கண் கொட்டாமல் பார்க்கலாம். சுமார் 95 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் ஹபிளுக்கு அது முடியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி நேரம் பூமி குறுக்கே வந்து மறைத்துவிடும்.

சந்திராவின் கண்ணாடி வழக்கமான கிண்ண வடிவில் இருக்காது. எக்ஸ்ரே நேராக விழுந்தால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும். குளத்தில் ஓட்டுச்சில்லைச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அதுபோல சாய்வாக உரசினால்தான் எக்ஸ்ரே திரும்பும். அதனால் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள் போல நான்கு ஜோடிக் கண்ணாடிகள்.

பெயர்க் காரணமும் நமக்கு நெருக்கமானது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, நட்சத்திரங்களின் கடைசிக் காலம் பற்றிய கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டார். வெண்குள்ளன் நட்சத்திரம் ஒரு எல்லைக்கு மேல் எடையைத் தாங்காது என்பது அந்தக் கணக்கு. எல்லை, சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டிய நட்சத்திரங்கள் நியூட்ரான் நட்சத்திரமாகவோ கருந்துளையாகவோ ஆகின்றன. சந்திரா பார்ப்பது பெரும்பாலும் அவற்றைத்தான்.

குளிர்ச்சி தேடிப் போன வெப்

அகச்சிவப்புக்கு வந்தால் எதிரி மாறிவிடுகிறது. இங்கே பிரச்சினை துகள் அல்ல, சூடு. வெதுவெதுப்பாக இருக்கும் எந்தப் பொருளும் அகச்சிவப்பில் ஒளிரும். தொலைநோக்கியே சூடாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் மின்மினியைத் தேடுவது மாதிரிதான்.

பூமிக்குப் பக்கத்தில் இருந்தால் ஒருபுறம் சூரியன், மறுபுறம் பூமி என்று மாறி மாறி வெப்பம் அடிக்கும். அதனால் ஜேம்ஸ் வெப்பை எல்2 என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். சூரியனில் இருந்து பார்த்தால் பூமிக்குப் பின்னால், 15 லட்சம் கி.மீ. தள்ளி. சந்திரனைப் போல கிட்டத்தட்ட நான்கு மடங்கு தூரம். அங்கே சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, செயற்கைக்கோளைப் பூமியோடு இணைந்தே சூரியனைச் சுற்ற வைக்கும். சூரியன், பூமி, சந்திரன் மூன்றும் எப்போதும் ஒரே பக்கம் இருப்பதால், அந்தப் பக்கம் மட்டும் ஒரு குடை பிடித்தால் போதும். டென்னிஸ் மைதானம் அளவுக்கு, ஐந்து அடுக்குக் குடை. அதன் நிழலில் தொலைநோக்கி மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து கிடக்கிறது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. ஹபிளின் கண்ணாடி தவறாகச் செதுக்கப்பட்டது தெரிந்தபோது, 1993-இல் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்தார்கள். 2009 வரை மொத்தம் ஐந்து முறை போனார்கள். வெப்புக்கு அப்படி யாரும் போக முடியாது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவியபோது, தோற்றால் மொத்தத் திட்டத்தையே கவிழ்க்கக்கூடிய 344 இடங்கள் அதில் இருப்பதாகக் கணக்கிட்டிருந்தார்கள். எல்லாம் தாண்டி வந்த பிறகும், 2022 மே மாதம் எதிர்பார்த்ததைவிடப் பெரிய ஒரு நுண்கல் அதன் கண்ணாடித் துண்டு ஒன்றில் மோதியது. செய்யக்கூடியது ஒன்றுதான்: அடிபட்ட துண்டின் நிலையைக் கொஞ்சம் அனுசரித்துக்கொள்வது.

வாடகை வீடு தேடியவர்களுக்கு இது புதிய கதை அல்ல. ஆபீஸ் பக்கத்துல எடுத்தா இரைச்சல். ஊருக்கு வெளியே போனா அமைதி, ஆனா குழாய் ரிப்பேர்னா ஆள் வர மாட்டாங்க.

சூரியனைப் பார்க்க எதிர்த் திசை

எல்2-க்கு நேரெதிரே, பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே அதே 15 லட்சம் கி.மீ. தூரத்தில் எல்1. இந்தியாவின் ஆதித்யா-எல்1 இருப்பது இங்கே. தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த இந்தச் செயற்கைக்கோள், 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டு 2024 ஜனவரி 6 அன்று அந்த இடத்தை அடைந்தது.

இங்கே இருந்தால் சூரியன் மறைவதே இல்லை. அதைவிட முக்கியமான லாபம் ஒன்று உண்டு. சூரியன் வீசும் துகள் காற்றைப் பூமியின் காந்தப்புலம் பெருமளவு விலக்கிவிடுவதால், பூமியை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளால் அதை நேரடியாக அளக்க முடியாது. எல்1-இல் அது பூமிக்கு வரும் முன்பே மேலே படும். வினாடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வந்தால் நமக்கு ஒரு மணி நேரம் முன்னறிவிப்பு. புயல் வேகமாக வந்தால் அரை மணி நேரம்கூட மிஞ்சாது. 2024 மே மாதம் இருபது ஆண்டுகளில் இல்லாத சூரியப் புயல் தாக்கியபோது, லடாக்கின் ஹான்லே வானம்கூடச் சிவந்தது. மின்சார கிரிட், ஜிபிஎஸ், செயற்கைக்கோள்கள் எல்லாவற்றுக்கும் அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம்.

ஸ்விஃப்டைக் கீழே இழுத்ததும் இதே சூரியன்தான்.

அப்போ ஸ்விஃப்டை ஏன் தள்ளி வைக்கவில்லை?

இதற்குப் பதில் அதன் வேலையில் இருக்கிறது. காமா கதிர் வெடிப்புகள் முதலில் சிக்கியதே தற்செயலாகத்தான். 1963-இல் அணுகுண்டு சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானதும், சோவியத் யூனியன் ரகசியமாகச் சோதிக்கிறதா என்று வேவு பார்க்க அமெரிக்கா 'வேலா' செயற்கைக்கோள்களை அனுப்பியது. லட்சம் கி.மீ. உயரத்தில் சுற்றிய அவை 1967 ஜூலையில் ஒரு காமா மின்னலைப் பதிவு செய்தன. அது அணுகுண்டு மாதிரி இல்லை. பூமியில் இருந்தும் வரவில்லை, சூரியனில் இருந்தும் வரவில்லை. விஞ்ஞானிகள் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது 1973-இல்தான்.

சில வெடிப்புகள் ஒரு வினாடிகூட நீடிக்காது. அதன் பின்னொளி மங்குவதற்குள், எங்கே நடந்தது என்று உலகில் உள்ள மற்ற தொலைநோக்கிகளுக்குச் சொல்லியாக வேண்டும். தாழ்வான பாதையில் துகள் இரைச்சல் குறைவு, ஏவும் செலவும் குறைவு. ஸ்விஃப்டின் பாதையும் நிலநடுக்கோட்டில் இருந்து 20 டிகிரி அளவுக்கே சாய்ந்தது. அதாவது கீழே வைத்தது அலட்சியம் அல்ல. தெரிந்தே செய்த பேரம். அது இவ்வளவு காலம் உழைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

தாழ்வான பாதைக்கு இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது: நெரிசல். ஸ்டார்லிங்க் போன்ற இணையச் செயற்கைக்கோள்கள் பல, சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஹபிளுக்கும் மேலே. 2002 முதல் 2021 வரை ஹபிள் எடுத்த படங்களில் 2.7 சதவீதத்தில் வேறு செயற்கைக்கோள்களின் கோடு விழுந்திருந்தது. உலகம் முழுவதும் திட்டமிடப்பட்டுள்ள லட்சக்கணக்கான செயற்கைக்கோள்களும் உண்மையிலேயே மேலே போய்விட்டால், ஹபிளின் படங்களில் சுமார் 40 சதவீதம் கெட்டுப்போகும் என்று 2025 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கிராமத்தில் இருந்து வீடியோ கால் பேச அந்தச் செயற்கைக்கோள்கள் உதவும் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் ஹபிளைப் போலப் புற ஊதாவில் பெரிய கண்ணோடு பார்க்க, இன்று அதற்கு மாற்று எதுவும் மேலே இல்லை. அதற்கும் எஞ்சின் கிடையாது. 2024 ஜூன் முதல், திசை காட்டும் ஜைரோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது.

எல்2-இல் இருப்பவை இப்படிக் கீழே விழாது. ஆனால் அங்கேயும் காலி செய்துதான் ஆக வேண்டும். நம் விண்மீன் மண்டலத்தில் கிட்டத்தட்ட 200 கோடி நட்சத்திரங்களை அளந்த ஐரோப்பாவின் கையா செயற்கைக்கோளுக்கு எரிபொருள் தீரும் நேரம் வந்தது. பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், அதைச் சூரியனைச் சுற்றும் தனிப் பாதைக்குத் தள்ளிவிட்டார்கள். 2025 மார்ச் 27 அன்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு மையத்தில் இருந்து அதை அணைத்தார்கள். அணைப்பது லேசாக இல்லை. எது நடந்தாலும் தானாக மீண்டு எழும்படி வடிவமைக்கப்பட்ட கலம் அது. ஒவ்வொரு பாதுகாப்பு ஏற்பாட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முடக்க வேண்டியிருந்தது. மறுபடி விழித்துக்கொள்ளாமல் இருக்க அதன் மென்பொருளையும் அழித்து எழுதினார்கள். அழித்த இடத்தில், அதற்காக வேலை பார்த்த சுமார் 1,500 பேரின் பெயர்களை எழுதி வைத்தார்கள்.